வெயிலுக்குப் பின்னிய பந்தனா ஏன் கனத்துப் போனது?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வெயில் காலத்தில் தலையில் கட்டவென்று காணொளி ஒன்றைப் பார்த்துக் குறோசேயில் (கொக்கி ஊசியால் பின்னும் வேலையில்) பந்தனா பின்னினாராம். காணொளியில் அது வலை போல மெல்லியதாக இருந்தது. இவருடையது மேசை விரிப்பு மாதிரி விறைத்து நிற்கிறது, தராசில் 90 கிராம் காட்டுகிறது. கட்டினால் தலை வேர்க்கிறது, பத்து நிமிடத்தில் பின்னுக்கு வழுக்கிப் போகிறது. "என் கை இறுக்கமா, நூல் பிழையா? வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும்போது கட்ட ஒன்று சரியாகச் செய்ய முடியுமா? பழகினால் விற்கலாமா?" என்பது கேள்வி. பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்தில் குறோசே பழகியதாகவும், கடையில் வாங்கியது சாதாரண வூல் நூல், ஊசி 3 மில்லிமீற்றர் என்றும் எழுதி, படமும் போட்டிருக்கிறார்.

கேள்வி மூன்று நான்காகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். காணொளியில் சொன்ன அதே தையலை அதே எண்ணிக்கையில் போட்டும் தனக்கு ஏன் வேறு துணி கிடைத்தது என்பதே அவருடைய மனக்குறை. அதற்கு விடை கிடைத்துவிட்டால் நூல், ஊசி, வழுக்கல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒழுங்குக்குக் கொண்டுவரலாம். கிளிநொச்சிக்குத் தெற்கே உள்ள கிராமங்களில், மாதர் சங்கக் கட்டடங்களிலும் கட்டடம் இல்லாத இடங்களில் மாமர நிழலிலும், இருபத்திரண்டு வருடமாகத் தையலும் குறோசேயும் பழக்கி வருகிறேன். பருத்தி நூலில் என் கைக்கு நல்ல பழக்கம் உண்டு. பட்டு, லினன் நூல்களில் நான் வேலை செய்ததில்லை, ஆகவே கீழே சொல்வதெல்லாம் பருத்தியை வைத்துச் சொல்வது. எது நிச்சயம், எது என் கை அனுபவம் மட்டும் என்பதை அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

நிச்சயமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி, உங்கள் கையில் பிழை இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையல்கள் ஒரே அளவில் இருக்கின்றன, ஓரம் கோணவில்லை. ஆனால் அவை அத்தனையும் குட்டைத் தையல். நீங்கள் சொல்லும் அந்த வலை போன்ற வேலை நெட்டைத் தையலில் வருவது. எங்கள் பள்ளிக்கூடங்களுக்குக் குறோசே பிரித்தானியர் வழியாக வந்ததால் தையல்களின் பெயரும் அவர்களுடையதே. பிரித்தானிய முறையில் 'டபிள்' என்றால், ஊசியில் நூலை முன்கூட்டிச் சுற்றாமல் குத்தி எடுக்கும் குட்டைத் தையல். ஒரு முறை சுற்றிவிட்டுக் குத்தும் நெட்டைத் தையலுக்கு 'ட்ரெபிள்' என்று பெயர். அமெரிக்க முறையில் அதே குட்டைத் தையல் 'சிங்கிள்', அதே நெட்டைத் தையல்தான் 'டபிள்'. காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் பெயர்களில் வருகின்றன. அங்கே 'டபிள்' என்ற சொல் காதில் விழுந்தவுடன், பள்ளிக்கூடத்தில் பழகிய கை தனக்குத் தெரிந்த டபிளைப் போட்டுவிட்டது.

இதன் விளைவைச் சின்னதாக நினைக்கக்கூடாது. குட்டைத் தையலில் வரியைத் திருப்பும்போது உயரத்துக்கு 1 செயின் (சங்கிலிக் கண்ணி) போடுகிறோம், நெட்டைத் தையலில் 3 செயின். உயர வித்தியாசம் அவ்வளவு. நெட்டைத் தையல் ஒரு வரியில் ஏறும் உயரத்தைக் குட்டையில் ஏற இரண்டு மூன்று வரி வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியை இறுக்கிப் பிடிக்கும், இடையில் காற்றுக்கு வழி இருக்காது. பொம்மை, கூடை, பணப்பை செய்ய அருமையான தையல் அது. தலைக்குக் கட்டுவதற்கு அது சரிவராது. என் வகுப்புகளில் மூன்று பேருக்கு ஒருவராவது இதில் மாட்டுவார்கள். நானும் தொடக்க காலத்தில் ஒரு குழந்தைச் சட்டையை முழுதாகப் பின்னி முடித்த பிறகுதான், நீளம் பாதிக்குப் பாதி வந்ததைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தேன்.

இனிமேல் ஒரு வழிமுறை கையில் கிடைத்தால் அது எந்த ஊர்ப் பெயரில் இருக்கிறது என்று தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். 'சிங்கிள்' என்ற சொல் எங்காவது வந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரித்தானிய முறையில் அப்படியொரு தையற்பெயர் வழக்கத்தில் இல்லை. 'ஹாஃப் டபிள்' வந்தாலும் அமெரிக்க முறைதான், பிரித்தானியர் அதை 'ஹாஃப் ட்ரெபிள்' என்பார்கள். சொல் புரியாவிட்டால் கையைப் பாருங்கள். ஊசியை உள்ளே விடுமுன் நூலைச் சுற்றுகிறாரா, திருப்பும்போது 3 செயின் போடுகிறாரா என்று பார்த்தால் போதும். குழப்பம் வராமலிருக்க இந்தப் பதில் முழுவதும் நான் குட்டை, நெட்டை என்றே சொல்கிறேன்.

அடுத்தது நூல். எங்கள் கடைகளில் 'வூல்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஆட்டு உரோமம் இல்லை, அக்ரிலிக். பெற்றோலியத்திலிருந்து செய்யும் செயற்கை இழை அது. நுவரெலியாக் குளிருக்கு நல்லது. வேர்வையை அது உறிஞ்சாது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் வரை ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும், அக்ரிலிக் 1 அல்லது 2 சதவீதம்தான். வேர்வை துணிக்குப் போய், துணியிலிருந்து காற்றுக்குப் போனால்தான் தலை குளிரும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் காற்று நன்றாகக் காய்ந்திருப்பதால் ஈரம் விரைவாகப் பறக்கும். பருத்தியால் அந்தக் காற்றைப் பயன்படுத்த முடியும்.

நூல் பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் விரலளவு வெட்டி, பழைய தட்டொன்றின் மேல், சாவணத்தால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிந்த மணத்துடன் எரியும், சாம்பல் தொட்டவுடன் உதிரும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு கறுத்த கட்டியாக உறையும், மணமும் மூக்கைக் குத்தும். கலப்பு நூலில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். உருகிய துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் கையால் பிடித்து எரிக்க வேண்டாம், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியது 'குறோசே நூல், நம்பர் 10'. இந்த நூல்களில் எண் கூடக் கூட நூல் மெலியும்: 10ஐ விட 20 மெல்லியது, 20ஐ விட 40. மேசை விரிப்புச் செய்பவர்கள் 20, 40 என்று போவார்கள். தலைக்குக் கட்ட 10 போதும், பழகும் கைக்கும் அது இலகு. அங்கர், டிஎம்சி போன்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் மேர்சரைஸ்ட் செய்த பருத்தி. ஜோன் மேர்சர் என்ற ஆங்கிலேயர் 1844இல், பருத்தியைக் கோஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் இழை தடித்து வலுப்பதையும் சாயத்தை நன்றாகப் பிடிப்பதையும் கண்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அப்படி ஊறவைக்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் மினுக்கமும் வரும் என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். இன்று நூலில் நாம் பார்க்கும் பளபளப்பு அதுதான். மேர்சரைஸ்ட் செய்யாத பருத்தி தலைக்கு இன்னும் குளிர்ச்சி என்று சிலர் சொல்வார்கள். இரண்டிலும் பின்னிக் கட்டியிருக்கிறேன், என் தலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இது என் தலை சொன்னது மட்டும், பொது விதியாக எடுக்க வேண்டாம். மெருகூட்டிய நூல் குறைவாகப் பஞ்சுவிடும், கழுவக் கழுவ உருவம் குலையாது. அதற்காகவே நான் அதை வாங்குகிறேன்.

நம்பர் 10 நூலுக்கு உறையில் 1.5 மில்லிமீற்றர் அளவில் ஊசி சொல்லியிருப்பார்கள். அது விறைப்பான வேலைக்கான அளவு. பந்தனாவுக்கு 2 மில்லிமீற்றர் எடுங்கள். நூலுக்கு வழக்கமானதை விடக் கொஞ்சம் பெரிய ஊசி பிடித்தால் தையல் தளர்ந்து துணி மடியும், தொங்கும், தலையின் வளைவோடு போகும். உங்கள் கனத்த நூலுக்கு 3 மில்லிமீற்றர் ஊசி சின்னது. விறைப்புக்கு அது இரண்டாவது காரணம். இரும்பு ஊசிகளில் குத்தியிருக்கும் எண்களை நம்ப வேண்டாம். பிரித்தானிய எண் வேறு, அமெரிக்க எண் வேறு, சிலவற்றில் எண்ணே தேய்ந்திருக்கும். மில்லிமீற்றர் ஒன்றுதான் எல்லா ஊருக்கும் பொது. தெரியாத ஊசி என்றால் பக்கத்து வெல்டிங் கடையில் வேர்ணியர் என்ற நுண் அளவுகோல் இருக்கும், ஊசியின் தண்டை அதில் அளந்து தரச் சொல்லுங்கள்.

இனி உருவம். பந்தனா என்ற சொல் இந்தியின் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, அடியில் இருப்பது கட்டுதல் என்ற பொருள். எங்கள் 'பந்தனம்' அதன் உறவுதான். எங்கள் ஆச்சிமார் வயலில் துவாயை மடித்துக் கட்டியதும், பெரிய லேஞ்சியை முக்கோணமாக மடித்துக் கட்டியதும் இதே வேலைதான். மடித்த துணியில் இரண்டு அடுக்கு இருக்கும், பின்னும்போது நேராகவே ஒரு முக்கோணம் செய்வதால் ஓர் அடுக்குதான் வரும். தொடங்குமுன் உங்கள் தலையை அளந்து கொள்ளுங்கள். ஒரு காதின் பின்னிருந்து உச்சி வழியாக மறு காதின் பின் வரை ஓர் அளவு, நெற்றி மயிரோரத்திலிருந்து பின்னால் நுனி எங்கே விழ வேண்டுமோ அதுவரை ஓர் அளவு. பெரும்பாலானோருக்கு முன்னோரம் 50 சென்ரிமீற்றர், ஆழம் 28, 29 என்று வைத்தால் பொருந்துகிறது.

நுனியிலிருந்து மேலே பின்னிக்கொண்டு போவதுதான் என் விருப்பம். போதும் என்ற அகலத்தில் நிறுத்தலாம், கணக்கு பிழைத்தாலும் வீண் போகாது. நான் பழக்குவது ஒரே துளைக்குள் இரண்டு நெட்டையும் நடுவில் ஒரு செயினும். கவர்த்தடி போல இரண்டாகப் பிரிந்து நிற்பதால் வகுப்பில் 'கவர்' என்றே சொல்வோம். முதலில் 5 செயின். ஊசியிலிருந்து எண்ணி ஐந்தாவது செயினில், அதாவது முதன்முதல் போட்டதில், ஒரு நெட்டை. மிச்சமுள்ள 4 செயினில் மூன்று ஒரு நெட்டைக்குச் சமம், ஒன்று நடு இடைவெளி. ஆக, ஒரு கவர் நிற்கும். திருப்பி 4 செயின் போட்டு, அது கிளம்பும் அதே தையலின் தலையில் ஒரு நெட்டை. இது ஓரத்துக் கவர். பிறகு கீழுள்ள கவரின் நடு இடைவெளிக்குள் நெட்டை, செயின், நெட்டை. கடைசியில், முந்தைய வரியின் தொடக்கச் செயின்களில் மூன்றாவதன் மேல் இன்னொரு கவர். இப்போது 3 கவர். இப்படியே ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று கூடும்: 1, 3, 5, 7. வரி முடிவில் எண்ணிப் பார்த்து இரட்டைப்படை வந்தால் எங்கோ ஓரத்தில் ஒன்றைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம். அநேகமாக அது அந்தக் கடைசிக் கவராக இருக்கும். தொடக்கச் செயினை ஒரு தையலாகப் பார்க்கக் கண் பழக மூன்று நான்கு வரி ஆகும்.

என் கையில், 2 மில்லிமீற்றர் ஊசியில், ஒரு கவர் 7 மில்லிமீற்றர் அகலம், ஒரு வரி 8 மில்லிமீற்றர் உயரம். அந்தக் கணக்கில் 36ஆவது வரியில் 71 கவர், அகலம் 50 சென்ரிமீற்றர், ஆழம் 29. உங்கள் கை வேறாக இருக்கும், எனவே பத்து வரி பின்னியதும் நனைத்து உலர்த்தி அளந்து பார்த்து வரியைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். இந்த முக்கோணத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது. ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டு போனால் வர்க்கம் வரும்: 1ம் 3ம் 4, அதோடு 5 சேர்ந்தால் 9, 7 சேர்ந்தால் 16. ஆகவே 36 வரிக்கு மொத்தம் 1296 கவர். பாதி வரியில், 18இல், போட்டிருப்பது 324. அது சரியாகக் காற்பங்கு! ஆழத்தில் பாதி வந்துவிட்டதே என்று நூலைக் கணக்குப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். 18ஆவது வரியில் துணியை எடை போட்டு, அதை நான்கால் பெருக்கினால் பந்தனாவின் உடல், அதாவது முக்கோணம், முழுவதற்கும் எவ்வளவு நூல் வேண்டும் என்று தெரிந்துவிடும். அதே நிறத்தில் இன்னோர் உருண்டை வாங்க வேண்டுமா என்பதை அப்போதே தீர்மானிக்கலாம். சாயத் தொகுதி மாறினால் வெள்ளையில்கூட வித்தியாசம் தெரியும்.

வழுக்கலுக்கு வருவோம். உங்கள் துண்டு வழுக்கியதற்குக் கனம் ஒரு காரணம். நுனியில் பாரம் இருந்தால் அது பின்னுக்கு இழுக்கும். முன்னோரம் இழுபட்டு அகன்றது மற்றக் காரணம் என்று நினைக்கிறேன், படத்தில் முன்பக்கம் தொய்ந்துதான் தெரிகிறது. கவர் வலை இழுத்தால் இழுபடும் சாமான். எனவே கடைசி வரி முடிந்ததும் முன்னோரம் முழுவதும் குட்டைத் தையலால் ஒரு பட்டி கட்டுங்கள். கவரின் நடுத்துளை ஒவ்வொன்றுக்கும் 2 போதும், 3 போட்டால் ஓரம் அலையலையாகிவிடும். இரண்டாவது வரியும் போட்டால் பட்டி இன்னும் உறுதி. அதே நூலை அறுக்காமல் ஒரு பக்கம் 100 செயின் நீட்டி, திரும்பி வரும்போது அதன் மேலும் குட்டை போட்டு வாருங்கள், மறுபக்கமும் அப்படியே. சுமார் 30 சென்ரிமீற்றர் கட்டு இரண்டு பக்கமும் கிடைக்கும். வெறும் செயின் கட்டு வேர்வையில் நனைந்தால் கயிறு போல முறுகிப் பிடரியில் வெட்டும். முடிச்சைக் கூந்தலுக்கு மேலே போடாமல், கூந்தலைத் தூக்கி அதற்குக் கீழே பிடரியில் போடுங்கள். அன்று எண்ணெய் வைத்த தலை என்றால் துளைக்குள்ளால் இரண்டு சிறிய கிளிப் குத்தினால் அசையாது.

சரிவான இரண்டு ஓரங்களுக்கும் பூவேலை ஆசையாக இருக்கும், எனக்கும் அது பிடிக்கும். 3 செயின் போட்டு அதன் அடியிலேயே கொளுவும் சின்னப் பிக்கோவை மூன்று கவருக்கு ஒன்றாக வைத்தால் அழகாக வரும். நெருக்கமாக வைத்தால் மயிரும் தோடும் சிக்கும். காற்றுக்கு நுனி மேலே எழும்பும், கோயிலை ஒட்டிய நந்திக்கடல் ஓரத்தில் வைகாசிக் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நம் வீடுகளில் பழைய வழி ஒன்று இருக்கிறது. தண்ணீர்க் குவளைக்கும் பால் யக்குக்கும் குறோசேயில் மூடி பின்னி, பறக்காமல் இருக்க ஓரத்தில் மணி கோப்பார்கள். என் பெரியம்மா பின்னிய மூடியொன்று இன்னும் என்னிடம் உண்டு. அதே போல நுனியிலும் அதன் இரு பக்கத்திலும் ஐந்து சின்ன மணி கோத்தால் துண்டு தன்பாட்டில் கிடக்கும். பின்னத் தொடங்குமுன் மணிகளை நூலில் கோத்து வைக்கத் தேவையில்லை, கடைசியில் ஊசி நூலால் தைத்துவிடலாம்.

பின்னி முடித்தவுடன் கட்டிப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். குறோசே லேஸ் நனைத்து விரித்த பிறகுதான் தன் உருவத்துக்கு வரும். சவர்க்காரம் கொஞ்சம் கலந்த தண்ணீரில் ஊறவிட்டு, முறுக்காமல் துவாயில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுங்கள். பாயின் மேல் இன்னொரு துவாய் விரித்து, மூன்று மூலையையும் இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசியால் குத்தி, நிழலில் காயவிடுங்கள். என் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் ரகம். அந்தத் தண்ணீரில் மட்டும் அலசினால் வெள்ளை நூல் சில மாதத்தில் மங்குகிறது. மாரியில் பிடித்து வைத்த மழைநீரில் கடைசி அலசல் செய்கிறேன், நன்றாக இருக்கிறது. கிரவல் றோட்டில் ஓடித் திரிபவர்களுக்குத் தூய வெள்ளையை விட மணல் நிறமோ செங்கல் நிறமோ நல்லது. கஞ்சி போடவே வேண்டாம். மேசை விரிப்புக்குக் கஞ்சி சரி, தலைக்குக் கட்டுவது விறைத்துவிடும். மடித்து வைத்தால் கஞ்சிக்காக வெள்ளிப்பூச்சியும் வரும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் துண்டு காற்றை விடும் என்றால் வெயிலையும் விடும். துளைக்குள்ளால் வரும் கதிரை எந்த நூலும் தடுக்காது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும், வன்னிக்கு அது சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில். ஓகஸ்ட் கடைசியில் மறுபடி வரும். அந்த நாட்களில் மத்தியானம் வயலில் நிற்பவருக்கு லேஸ் பந்தனா போதாது, உச்சி வகிடு எரியும். துவாயோ அகன்ற விளிம்புத் தொப்பியோ வேண்டும், லேஸை அதற்குக் கீழே வேர்வைக்காகக் கட்டிக்கொள்ளலாம். கோயில் போக, சந்தைக்குப் போக என்றால் உள்பக்கம் 'வாயில்' (voile) என்ற மெல்லிய துணியை அதே முக்கோணத்தில் வெட்டி, முன்னோரத்தில் மட்டும் தைத்துவிடுங்கள். நிழலும் கிடைக்கும், துளைகளின் அழகும் தெரியும். ஸ்கூட்டியில் ஹெல்மெட்டின் கீழ் கட்டுபவர்கள் மணியும் முடிச்சும் ஹெல்மெட்டுக்குள் போகாதபடி பார்க்க வேண்டும். தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் கட்டியாக எதுவும் இருந்தால் ஹெல்மெட் சரியாகப் பொருந்தாது.

விற்கலாமா என்று கேட்டீர்கள். விற்கலாம், ஆனால் நூலின் விலையை வைத்து விலை சொல்லாதீர்கள். நூல் 30 கிராமுக்குள்தான் போகும். என் கையில் ஒன்றுக்கு 6, 7 மணித்தியாலம் போகிறது, உங்கள் விலையில் இருக்க வேண்டியது அந்த நேரம். கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் 'குறோசே லேஸ்' இயந்திரத்தில் வேறு முறையில் நெய்வது, உண்மையான குறோசே கையால்தான் வரும். வாங்க வருபவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். அயர்லாந்தில் 1840களின் நடுவில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது குறோசே லேஸ் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. குளோன்ஸ் என்ற ஊரில் 1847இல் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் ஊர்ப் பெண்களுக்கு அதைப் பழக்கத் தொடங்கினார். அங்கே வேலையைப் பங்கு போட்டார்கள்: ஒருவர் ரோசாப்பூ, ஒருவர் இலை, இன்னொருவர் எல்லாவற்றையும் இணைப்பார். 2009க்குப் பிறகு என் வகுப்புக்கு வந்தவர்களில் வீட்டைத் தனியே சுமந்த பெண்கள் பலர். தனித்தனியாக முழு வேலையையும் செய்தபோது சோர்ந்து விட்டவர்கள், ஒருவர் உடல், ஒருவர் கட்டும் ஓரமும், ஒருவர் கழுவி விரித்துக் குத்துவது என்று பிரித்தபோது நிலைத்து நின்றார்கள். உங்கள் ஊரில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருமானம் எவ்வளவு வரும் என்று நான் எண் சொல்ல மாட்டேன், அது வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

பொங்கலுக்கு முன் முடியுமா என்றால், முடியும். இரவில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் முதல் துண்டு இரண்டு வாரத்தில் வரும். பழைய 90 கிராமைப் பிரிக்க வேண்டாம், நல்ல வேலை அது, சூடான சட்டி இறக்க வைக்க வேண்டாம் மட்டும், அக்ரிலிக் உருகிவிடும். கதிரை முதுகில் போடலாம். புதியதில் 18ஆவது வரி முடிந்ததும் ஒரு நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், சந்தைத் தராசு அவ்வளவு சின்ன எடையைச் சரியாகக் காட்டாது. 5 கிராமை ஒட்டி வந்தால் அப்படியே தொடருங்கள். 8ஐத் தாண்டினால் பின்னுவதை நிறுத்திவிட்டு, நூல் உறையின் படத்தையும் ஊசியின் அளவையும் இங்கே போடுங்கள். மேலே பின்னுவதா, பிரித்துத் தொடங்குவதா என்று பார்த்துச் சொல்கிறேன்.